நாக்கில் வெள்ளை, நெஞ்சில் இருமல்

"நாக்கை நீட்டுங்க" என்றால் பலருக்குச் சிரிப்பு வருகிறது. பல்வலிக்கு வந்தவரிடம் நாக்குக்கு என்ன வேலை என்று நினைக்கிறார்கள். பல் மருத்துவராகிய எனக்கோ, பல்லைவிட நாக்கும் கன்னத்தின் உட்புறமும் சில நேரம் அதிகம் சொல்லிவிடும்.

தயிர் ஒட்டியதுபோல் வாயில் வெள்ளைப் படலம் படரும். துடைத்தால் வந்துவிடும், அடியில் சிவந்திருக்கும், சிலருக்கு ரத்தமும் கசியும். இது கேண்டிடா என்ற பூஞ்சையின் வேலை. பச்சைக் குழந்தைகளுக்கும் பொய்ப்பல் கட்டியவர்களுக்கும் ஆஸ்துமா இன்ஹேலர் இழுப்பவர்களுக்கும் இது வரும். நம் சமூகத்தில் கேட்கவே வேண்டாம், இனிப்புநீர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் வரும். ஆகவே, படித்தவுடன் கண்ணாடி முன் ஓட வேண்டாம்.

ஆனால், இந்தக் காரணம் எதுவும் இல்லாத ஓர் இளைஞருக்கு இது மீண்டும் மீண்டும் வந்தால் நான் எச்ஐவி பரிசோதனை பற்றிப் பேசுவேன். 1981 ஜூன் மாதம் அமெரிக்காவில் எய்ட்ஸ் பற்றி வெளியான முதல் மருத்துவ அறிக்கையிலேயே, அந்த ஐந்து நோயாளிகளுக்கும் கேண்டிடா தொற்று இருந்தது பதிவாகியுள்ளது.

அப்படி ஓர் இளைஞர் வந்தார். வாய் எரிகிறது, காரம் சாப்பிட முடியவில்லை, மெலிந்துவிட்டேன் என்றார். பேச்சுக்கு நடுவே இருமினார். எத்தனை நாளாக என்று கேட்டேன். "அது சிகரெட் இருமல் டாக்டர், ஒரு மாசம் இருக்கும்." இரவில் சட்டை நனைகிற அளவு வேர்க்கிறதாம். அறையில் குளிர்சாதனம் சரியில்லை என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

ஆபத்து இங்கேதான். வாய்ப்புண்ணால் சாப்பிடவில்லை, சாப்பிடாததால் மெலிவு என்று கணக்கு அழகாகப் பொருந்திவிடுகிறது. அதன் பின்னால் காசநோய் ஒளிந்துகொள்கிறது. பூஞ்சை காசநோயைக் கொண்டுவருவதில்லை. எதிர்ப்புச் சக்தி சரிந்த உடலில் இரண்டும் ஒரே கதவு வழியாக நுழைகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் எச்ஐவியை நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறது. விடாத வாய்ப்பூஞ்சையும் நுரையீரல் காசநோயும் அதில் ஒரே கட்டத்தில், மூன்றாவதில், இருக்கின்றன. எச்ஐவி உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பதும் காசநோய்தான்.

இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை. எச்ஐவி உள்ளவருக்கு இவற்றில் ஒன்று இருந்தாலே காசநோய்ப் பரிசோதனை வேண்டும். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவரின் எக்ஸ்ரே சாதாரணமாகத் தோன்றலாம், சளியை நுண்ணோக்கியில் பார்த்தும் கிருமி தென்படாமல் போகலாம். எனவே, "எக்ஸ்ரே நல்லா இருக்கு" என்பதோடு நிறுத்தாமல், கிருமியின் மரபணுவைத் தேடும் சளிப் பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கடிதம் எழுதிக் கொடுத்தபோது அவர் கேட்டது ஒன்றுதான். "வீட்டுல தெரிஞ்சிடுமா டாக்டர்?" அரசாங்க கிளினிக்குகளில் பெயர் சொல்லாமலே எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ளலாம் என்றேன். நம் வீடுகளில் எச்ஐவி என்றதும் தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கிறோம். தட்டில் எச்ஐவி பரவாது. காற்றில் பரவுவது காசநோய்தான். அது உறுதியானால் ஒரே வீட்டில் இருப்பவர்கள் வெட்கப்படாமல் போய்ப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. சாதாரணக் காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாத மருந்து. எச்ஐவிக்குத் தினமும் மாத்திரை. எதிர்ப்புச் சக்தி ஏற ஏற வாய்ப்படலமும் விலகும். காசநோய் இல்லை என்று உறுதியானவருக்கு அது வராமல் தடுக்கும் மருந்தும் இருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், பூஞ்சைக்கான ஃபுளுகோனசோலின் வேகத்தையும் சில எச்ஐவி மருந்துகளின் வேகத்தையும் குறைத்துவிடும். எந்த மருத்துவரிடம் போனாலும், பல் மருத்துவரிடம் போனாலும்கூட, மருந்துப் பையை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள்.