வண்டி தந்தீர்கள், ஸ்பேனர் பிடிக்கவும் சொல்லித்தாருங்கள்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறைச் செயலர் அவர்களுக்கு,

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 5 லட்சம் மிதிவண்டிகள் தருகிறீர்கள். ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி எல்லாருக்குமாக விரிந்த திட்டம், ஆட்சிகள் மாறியும் நிற்காமல் ஓடுவது சின்ன விஷயமில்லை. வண்டி ஒன்றுக்கு 5,000 ரூபாயை ஒட்டிச் செலவு. ஆனால் அதைக் கழற்றி மாட்டச் சொல்லித்தர ஆள் இல்லை.

வண்டி கொடுக்கிற வாரம், பள்ளிக்குப் பக்கத்துச் சைக்கிள் கடையைப் பாருங்கள். பிள்ளைகள் புது வண்டியை உருட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். பிரேக் கட்டை ரிம்மில் படாது, ஹேண்டில்பார் ஆடும், முன்சக்கரத்தில் பெண்டு. பிறகு செயின் தொங்கும், பின்டயர் பஞ்சராகும், வண்டி திண்ணையோரம் சாய்ந்துவிடும். பஞ்சர் ஒட்டுவது என்ன கம்பசூத்திரமா? டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைப் பிடித்து, உப்புத்தாளில் தேய்த்து, சொல்யூஷன் தடவிக் காயவிட்டு ஒட்டுப் போட வேண்டும். அந்தக் காயவிடும் பொறுமையைத்தான் ஒருவர் பக்கத்தில் நின்று பழக்க வேண்டும்.

அந்த ஒருவர் கடைக்காரர்தான். அவரிடம் இலவசமாகக் கேட்காதீர்கள். பயிற்சி நடத்தக்கூடிய சனிக்கிழமை அவருக்கு வியாபார நாள். பத்துப் பிள்ளைகள், ஆறு சனிக்கிழமை, நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று வைப்போம். மணிக்கு 200 ரூபாய் வீதம் அவருக்கு 2,400. ஒட்டு, சொல்யூஷன், பால்ஸ், கிரீஸுக்கு 600. ஆக, பிள்ளைக்கு 300 ரூபாய். 5 லட்சம் பேருக்கும் கொடுத்தால் 15 கோடி. வண்டிக்குப் போடும் பணத்தில் நூற்றுக்கு ஆறு.

அமெரிக்காவின் பாஸ்டனில் ‘பைக்ஸ் நாட் பாம்ஸ்’ என்ற அமைப்பு, பிள்ளைகளே பழைய வண்டியைச் சரிசெய்து சொந்தமாக்கிக்கொள்ளும் பயிற்சியை நடத்துகிறது. தன் கடையில் பழைய வண்டிகளைப் புதுப்பித்து விற்கும் வருமானமும் அதற்குக் கைகொடுக்கிறது. நம்மூர்க் கடைக்காரருக்கு அந்த வசதி இல்லை. பஞ்சர் காசில் பயிற்சி நடத்தச் சொல்ல முடியாது.

‘பிள்ளைகளிடம் 50 ரூபாயாவது வாங்குங்கள், அப்போதுதான் மதிப்பு இருக்கும்’ என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அந்த 50 ரூபாய்க்காக முதலில் நின்றுவிடப்போவது பெண்பிள்ளைதான். ‘ஸ்பேனர் பிடிச்சு உனக்கென்ன ஆகணும்’ என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், பெண்கள் சைக்கிள் பழகுவதைப் எழுத்தறிவோடு சேர்த்தே நடத்தியது. ஓட்டப் பழகிய மாநிலத்தில் பழுது பார்ப்பதற்கு மட்டும் ஏன் கட்டணம்? வேண்டுமானால் தனியார் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆளுக்கு 600 வாங்குங்கள். அதில் பாதி கடைக்குக் கருவி வாங்க உதவும்.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: டெண்டர். ஆண்டு விற்றுமுதல், ஜிஎஸ்டி எண், முன்வைப்புத் தொகை என்று கேட்டால் சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் வந்து பவர்பாயிண்ட் காட்டிவிட்டுப் போகும். தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் பக்கத்துக் கடையைத் தேர்வு செய்யட்டும். ஆறாவது சனிக்கிழமை முடிந்த பத்து நாளுக்குள் பணம் அவர் வங்கிக் கணக்கில் ஏறட்டும். கருவூலத்துக்கு அவரை அலையவிட்டால், அடுத்த ஆண்டு அவர் வரமாட்டார்.

இப்படிக்கு,
ஆசிரியர்