டிரைவ்வேயில் நிற்கும் வண்டிக்குக் கரன்ட்



மே மாதம் பிறந்துவிட்டால் போதும், கராஜ் வாசலில் காருக்குப் பக்கத்தில் ஒரு கேம்பர் டிரெய்லரும் வந்து நின்றுவிடுகிறது. முன்பெல்லாம் அது பக்கத்து வீட்டு அமெரிக்கருடைய வண்டியாக இருக்கும். இப்போது நம்மவர் வாசல்களிலும் பார்க்கிறேன். பிள்ளைகளோடு யெல்லோஸ்டோனுக்கும் கிராண்ட் கேன்யனுக்கும் போனால் ஓட்டல் செலவு கையைக் கடிக்கிறது. போகிற இடமெல்லாம் அடுப்பும் கூட வருமென்றால் ரசம் சாதத்துக்கு ஏங்கவும் வேண்டாம்.

ஆனால் வண்டி ஊர் சுற்றுவது வருடத்தில் சில வாரங்கள்தான். மற்ற நாளெல்லாம் வீட்டு வாசலில்தானே நிற்கிறது? அப்போதும் அதற்குக் கரன்ட் வேண்டும். பேட்டரி இறங்காமல் இருக்க வேண்டும். கிளம்புவதற்கு முதல் நாளே ஃப்ரிட்ஜைக் குளிரவைக்க வேண்டும். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கும்போது தங்கை குடும்பமும் வந்து சேர்ந்தால், டிரெய்லர்தான் கெஸ்ட் ரூம். டெக்சஸ் ஜூலையில் ஏ.சி. இல்லாமல் அதில் யார் படுப்பது?

"அதுக்கென்ன, வெளியே ஒரு அவுட்லெட் வெச்சா முடிஞ்சது" என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு அவுட்லெட்டைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப்போகிறேன்.

நம்மவர்கள் வாங்கும் நடுத்தர டிரெய்லர்கள் பெரும்பாலும் 30 ஆம்ப் வகை. அதன் பிளக்குக்கு டி.டி-30 என்று பெயர். மூன்று முனை: சாய்ந்த தகடு இரண்டு, உருண்டை முனை ஒன்று. இது 120 வோல்ட். இதே 30 ஆம்ப், இதே மூன்று முனையோடு பழைய வீடுகளில் துணி உலர்த்தும் டிரையருக்கு ஒரு அவுட்லெட் இருக்கும். அது 240 வோல்ட். சட்டென்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

எலெக்ட்ரீஷியன் டிரையர் அவுட்லெட்டை எத்தனையோ வீட்டில் பார்த்திருப்பார். டிரெய்லர் அவுட்லெட்டை எப்போதாவதுதான் பார்த்திருப்பார். "30 ஆம்ப், மூணு முனை" என்று நாம் சொன்னதும் அவர் கை பழக்கத்தில் 240 வோல்ட்டுக்கு வயரிங் செய்துவிடக்கூடும். லைசென்ஸ் உள்ள, நல்ல வேலைக்காரரே இதைச் செய்வதுண்டு. பிளக் அழகாகப் பொருந்தும். பொருந்திய நொடியில் மைக்ரோவேவ், ஏ.சி., பேட்டரி சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டர் எல்லாம் இரண்டு மடங்கு வோல்ட் வாங்கிப் புகைந்துபோகலாம்.

ஊரில் வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடாது. அங்கே வீட்டுக்குள் எங்கே செருகினாலும் 230 வோல்ட்தான். இங்கே ஒரே பேனலில் இரண்டு வோல்டேஜ் குடியிருக்கிறது. ஒரு ஹாட் வயரும் நியூட்ரலும் சேர்ந்தால் 120. இரண்டு ஹாட் வயர்களுக்கு இடையே 240. பேனல் கதவைத் திறந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். டிரெய்லருக்கான 30 ஆம்ப் பிரேக்கரில் ஒரு கைப்பிடிதான் இருக்க வேண்டும். இரண்டு கைப்பிடிகளைச் சேர்த்துக் கட்டியிருந்தால், அது 240. அங்கேயே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

பெரிய டிரெய்லர்களுக்கு 50 ஆம்ப் இணைப்பு. 30-க்கும் 50-க்கும் 20 தானே வித்தியாசம் என்று நினைக்கிறீர்களா? 30 ஆம்ப் இணைப்பு தருவது 3,600 வாட். 50 ஆம்ப் இணைப்பில் நான்கு முனை, இரண்டு ஹாட் வயர். அது 12,000 வாட் வரை தரும். 30-க்கு 10 கேஜ் செம்பு வயர் என்றால் 50-க்கு வழக்கமாக 6 கேஜ். கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும். பேனலிலிருந்து வண்டி நிற்கும் இடம் நூறு அடி தள்ளி இருந்தால் அதைவிடவும் தடித்த வயர் தேவைப்படலாம். காசை மிச்சம் பிடிப்பதாக நினைத்து மெல்லிய வயர் போட்டால், வோல்டேஜ் இறங்கி ஏ.சி. கம்ப்ரஸர் திணறும்.

ஊரில் ஃபேன் மாட்டியது, சுவிட்ச் மாற்றியது எல்லாம் நாமேதான். அந்தத் தைரியத்தில் இங்கேயும் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர் வீடுகளில் சிவப்பில் கரன்ட் வரும், கறுப்பு நியூட்ரல். இங்கே கறுப்பில்தான் கரன்ட், வெள்ளைதான் நியூட்ரல், பச்சையோ மேலுறை இல்லாத செம்புக் கம்பியோ கிரவுண்ட். "கறுப்புதானே, ஒண்ணும் ஆகாது" என்று ஊர்ப் பழக்கத்தில் தொட்டால்?

கிரவுண்ட் என்றதும் இன்னொரு ஊர்ப் பழக்கமும் நினைவுக்கு வருகிறது. வீட்டுக்கு வெளியே குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் பைப் இறக்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் டிரெய்லருக்குப் பக்கத்தில் ஒரு செம்புக் கம்பியை அடித்து இறக்கிவிட்டால் எர்த் ஆயிற்று என்று தோன்றும். ஆகவில்லை. கம்பியும் மண்ணும் சேர்ந்து 25 ஓம் தடை இருந்தாலே, 120 வோல்ட்டில் அதன் வழியாக 5 ஆம்ப்கூடப் போகாது. அதைக் கண்டு 30 ஆம்ப் பிரேக்கர் அசையுமா? கிரவுண்ட் வயர் வீட்டுப் பேனலிலிருந்தே வர வேண்டும். டிரெய்லருக்குள் நியூட்ரலையும் கிரவுண்டையும் ஒன்றாக இணைக்கவும் கூடாது.

எதற்கு இத்தனை கறார்? டிரெய்லர் ரப்பர் டயர்மேல் நிற்கும் உலோகப் பெட்டி. உள்ளே வாட்டர் ஹீட்டரில் சிறு கசிவு இருந்து, கிரவுண்ட் வயரும் எங்கோ விட்டுப்போயிருந்தால், வண்டியின் உடம்பு முழுவதும் கரன்ட் ஏறி நிற்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. லைட் எரியும், ஏ.சி. ஓடும், பிரேக்கரும் விழாது. ஸ்பிரிங்ளரில் ஆடிவிட்டு ஈரக்காலோடு புல்லில் ஓடி வரும் குழந்தை, கதவின் கைப்பிடியைப் பிடிக்கும்போதுதான் தெரியும். சில பத்து மில்லி ஆம்ப் போதும், உயிருக்கு ஆபத்து.

இதற்குத்தான் ஜி.எஃப்.சி.ஐ. என்ற பாதுகாப்புக் கருவி. ஏறக்குறைய 5 மில்லி ஆம்ப் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். 2020 பதிப்பிலிருந்து தேசிய மின் விதித்தொகுப்பு, வீட்டுக்கு வெளியே வைக்கும் இந்த மாதிரி அவுட்லெட்களுக்கும் இந்தப் பாதுகாப்பைக் கேட்கிறது. எந்தப் பதிப்பு அமலில் இருக்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊரில் கட்டாயம் இல்லையென்றாலும் வைத்துக்கொள்ளுங்களேன்.

இன்னொன்றும் மனம்விட்டுச் சொல்கிறேன். எல்லாருக்கும் புது அவுட்லெட் தேவையே இல்லை. வண்டி சும்மா நிற்கிறது, பேட்டரி மட்டும் சார்ஜ் ஆனால் போதும் என்றால், கராஜில் ஏற்கெனவே இருக்கும் 15 ஆம்ப் அவுட்லெட்டும் ஒரு அடாப்டரும் போதும். அதில் ஏ.சி. போடக்கூடாது, அவ்வளவுதான். தொடர்ந்து ஓடும் சாதனத்துக்கு 15 ஆம்ப் இணைப்பில் 12 ஆம்ப்தான் கணக்கு. டிரெய்லர் ஏ.சி. ஒன்றே அதை விழுங்கிவிடும். கிறிஸ்துமஸ் விளக்குக்கு வாங்கிய மெல்லிய எக்ஸ்டென்ஷன் கார்டைச் சுருட்டிப் போட்டு அதில் இழுத்தால், கார்டு கொதித்து உருகும். கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தாலே பிளக்கைக் கழற்ற வேண்டியதுதான்.

புது அவுட்லெட் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், நகராட்சியிடமோ கவுன்டியிடமோ பர்மிட் வாங்குங்கள். "எதுக்கு வீண் செலவு?" என்று கேட்பீர்கள். பர்மிட் போட்டால் இன்ஸ்பெக்டர் வருவார். அதாவது, வேலை செய்தவரைத் தவிர இன்னொரு ஜோடிக் கண்ணும் அந்த வயரிங்கைப் பார்க்கும். நாளை வீட்டை விற்கும்போதும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மண்ணுக்கடியில் வயர் போவதானால், தோண்டுவதற்குச் சில நாள் முன்பே 811-க்குப் போன் செய்யுங்கள். கேஸ் குழாயும் மின்கம்பியும் எங்கே ஓடுகின்றன என்று வந்து கோடு போட்டுக் காட்டுவார்கள். இலவசம்தான். ஹெச்.ஓ.ஏ. இருக்கும் குடியிருப்பென்றால், டிரைவ்வேயில் டிரெய்லரை நிறுத்தவே அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுவிடுங்கள். அவுட்லெட் வைத்த பிறகு தெரிந்து என்ன பயன்?

இவ்வளவும் செய்தாலும் நம்மிடம் ஒரு தயக்கம் மிச்சமிருக்கும். "அவர் தொழில்காரர், அவருக்குத் தெரியாததா? போய்க் கேள்வி கேட்டால் தப்பா நினைப்பாரே" என்று ஒதுங்கி நிற்போம். டாக்டரிடமும் இப்படித்தான், மெக்கானிக்கிடமும் இப்படித்தான். ஆனால் இங்கே சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம். "இது டிரையருக்கு இல்லை, ஆர்.வி.க்கு. டி.டி-30. 120 வோல்ட்." இதை ஒரு தாளில் எழுதி அவர் வந்ததுமே கையில் கொடுங்கள். நல்ல எலெக்ட்ரீஷியன் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வேலை முடிந்ததும் வண்டியைச் செருக அவசரப்படாதீர்கள். அவர் மீட்டரை எடுத்து உங்கள் கண்முன் அளக்கட்டும். சாய்ந்த துளைகள் இரண்டுக்கும் இடையே 120-ஐ ஒட்டி வர வேண்டும். ஹாட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையேயும் அதே 120. நியூட்ரலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட பூஜ்யம். மூன்றும் சரியாக வந்தபின் செக்கில் கையெழுத்துப் போடுங்கள். எங்காவது 240 என்று காட்டினால், செக்கும் வேண்டாம், பிளக்கும் வேண்டாம். அவரே சரிசெய்துவிட்டுப் போகட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்