படகு கவிழ்வது விதியாலா?

2011ஆம் வருஷம் டிசம்பர் 25ஆம் தேதி, கிறிஸ்துமஸ் விடுமுறை நாளில், நமது திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்த பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடி படகொன்று கவிழ்ந்து, உல்லாசமாய்ப் போன கூட்டத்தாரில் 22 பேர் மூழ்கி மாண்டு போனார்கள். பெண்டு பிள்ளைகளும் அதில் உண்டு. பட்டாபிராமிலிருந்து காலையில் வேன் பிடித்தால் மத்தியானச் சோற்றுக்குள் போய்ச் சேரக்கூடிய இடம்தான் அது. இப்படிப்பட்ட சாவு நேரிடும் போதெல்லாம் நமது மக்கள் சொல்லுவது, "அவர்களுக்குத் தண்ணீரில் கண்டம்" என்பதாகும். அப்படியானால் 22 ஜாதகத்திலும் ஒரே நாளில், ஒரே நாழிகையில் கண்டம் எழுதியிருந்ததா என்று கேட்கிறோம். ஜோசியர்கள் அதை முந்தின நாளே சொல்லியிருந்தால் இன்னும் சிலராவது பிழைத்திருப்பார்கள்!

விதியைப் பார்ப்பதை விட்டுப் பாரத்தைப் பார்க்க வேண்டும். வைக்கோலை உயர ஏற்றிய வண்டி சிறு பள்ளத்திலும் சாய்ந்து விடுவதை எந்தக் குடியானவனும் அறிவான். படகும் அப்படியே. உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நின்றால் அடியிலிருந்த பாரம் மேலே ஏறிவிடுகிறது. எல்லோரும் ஒரு பக்கம் ஒதுங்கினால் கேட்க வேண்டியதில்லை. 2009 செப்டம்பர் 30இல் தேக்கடியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். கரையில் நின்ற மிருகங்களைப் பார்க்க ஜனங்கள் ஒரு பக்கமாய்ச் சாய்ந்ததாகவே அப்போது செய்தி வந்தது. நாராயண குருவின் சீடரும் பெருங்கவிஞருமான குமாரன் ஆசான் 1924 ஜனவரியில் பல்லனை ஆற்றில் மாண்டதும் ஆட்களை அளவுக்கு மீறி அடைத்த படகில்தான். அதன் பெயர் 'ரெடீமர்', அதாவது இரட்சகர். அளவுக்கு மீறி ஏறினால் இரட்சகரும் கவிழத்தான் கவிழ்வார்.

நிற்க. கவிழ்ந்து விட்டால் என்ன செய்வது? கவிழ்ந்த படகு பெரும்பாலும் உடனே முழுகிப் போவதில்லை, குப்புற மிதக்கும். அதைப் பிடித்துக்கொண்டு கிடப்பதே முதல் காரியம். கரை பக்கத்தில் இருப்பது போலத் தோன்றும். அதை நம்பி நீந்திப் போய் நடுவழியில் ஓய்ந்தவர் அநேகர். படகுக்கு அடியில் அகப்பட்டவர் மேலே கையால் தடவி விளிம்பைக் கண்டுபிடித்து வெளியே வர வேண்டும். சில சமயம் அங்கே காற்றும் தங்கியிருக்கும், ஒரு மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பிடிக்க ஒன்றுமே இல்லையானால் மல்லாந்து படுத்து, காது நனையும்படி தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கைகால்களை மெதுவாய் அசைத்தால் மூக்கும் வாயும் மேலே நிற்கும். கைகளைத் தூக்கிக் கும்பிட்டால் தலை கீழே போகும். இதில் நாஸ்திகம் ஒன்றுமில்லை. தண்ணீரின் கணக்கு அது.

கரையில் நிற்பவர் குதிப்பது வீரமன்று. முழுகுகிறவன் கிடைத்ததை இறுக்கிக் கட்டிக்கொள்ளுவான். ஒரு பிணம் இரண்டாகும். கயிறு, மூங்கில், மூடி போட்ட காலிக் கேன், முடிந்து கட்டிய இரண்டு சேலை, எதையாவது வீச வேண்டும். எடுத்துப் போட்ட பின்பு தலைகீழாய்த் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும், உப்பில் புதைப்பதும் கொலைக்குச் சமானம். உப்புக்கு உயிரை அழைக்கும் சக்தி இருந்தால் உப்பளத்தில் ஒருவரும் சாகக்கூடாதே! மூச்சில்லையானால் தலையை நிமிர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து மூச்சை ஊதி, பிறகு நடு மார்பில் 30 தடவை அழுத்தி, மறுபடி 2 மூச்சு ஊத வேண்டும். 108 வண்டி வரும் வரையில் விடக்கூடாது. அந்த வாய் எந்த ஜாதி வாய் என்று யோசிக்கிறவன் தயவுசெய்து தூர நிற்கட்டும்.

ஜாதி என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. நமது பெண்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? பையன் கிணற்றில் குதித்தால் சாமர்த்தியம், பெண் குதித்தால் மானக்கேடு என்றல்லவா வளர்க்கிறோம்? குளத்தைத் தொட்டால் தீட்டு என்று விரட்டப்பட்டவர்களின் பிள்ளைகள் எந்தத் தண்ணீரில் நீந்தக் கற்றிருக்க முடியும்? 1927இல் மகாத் குளத்தில் ஒரு கை தண்ணீர் மொண்டு குடிப்பதற்கே அம்பேத்கர் ஒரு பெருங்கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு போக வேண்டியிருந்த தேசமல்லவா இது? பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க ஓர் இடமும் ஓர் ஆசிரியையும் வேண்டுமென்று ஆவடி மாநகராட்சியாருக்கு மனு எழுத, ஒரு காகிதமும் நூறு கையெழுத்தும் போதும். பட்டாபிராம் தோழர்கள் இதை இந்த மாதமே செய்யலாம்.

அதுவரையில் படகுத்துறைக்குப் போகிறவர்கள், கூலி பேசும் முன்பு, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, குழந்தைக்கு ஏற்ற அளவில் இருக்கிறதா என்று கேளுங்கள். சீட்டுக்கு அடியில் அடுக்கி வைத்தது உதவாது. ஏறும் முன்பே மாட்டி, வார்களை இறுக்கிக் கட்ட வேண்டும். "படகுக்குப் பூசை போட்டிருக்கிறது, பயமில்லை" என்று பதில் வந்தால், பணத்தை மடியில் முடிந்துகொண்டு கரையிலேயே உட்கார்ந்து கட்டுச்சோற்றைச் சாப்பிட்டு விட்டுத் திரும்புங்கள்.