முதலாமவர் யார் என்ற வியாதி

மீலாத் மாதம் நெருங்கினால் நமது சஞ்சிகைகளிலும் பாடசாலை மலர்களிலும் ஒரு கட்டுரை தவறாமல் வந்துவிடும். தலைப்பு சிறிது மாறும். உள்ளே இருப்பது மாறாது. கமராவைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைதம். விமானத்தைக் கண்டுபிடித்தவர் அப்பாஸ் இப்னு பிர்னாஸ். நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் தகிய்யுத்தீன். இவ்வாறு இருபதோ முப்பதோ பெயர்கள். இறுதியில் ‘இவற்றையெல்லாம் மேற்குலகம் நம்மிடமிருந்து திருடிக்கொண்டது’ என்று ஒரு பெருமூச்சு. இக்கட்டுரைகளை நான் பல ஆண்டுகளாகக் கோவையில் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்றிலிருந்து மற்றொன்று எழுத்துப் பிழையோடு பிரதி செய்யப்பட்டிருப்பதை அந்தக் கோவையைப் புரட்டும் எவரும் கண்டுகொள்ளலாம். முன்பு கல்லச்சிலும் ரோனியோவிலும் வந்தது இன்று வாட்ஸ்அப்பில் வருகிறது. சரக்கு பழையதுதான்.

இக்கட்டுரையை எழுதுபவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. 2019 இன் பின்னர் நமது பிள்ளைகள் பஸ்ஸிலும் பரீட்சை மண்டபத்திலும் தலைகுனிந்து நின்ற நாட்களில் ‘நீ யாருடைய வாரிசு தெரியுமா’ என்று கேட்க ஒரு குரல் தேவைப்பட்டது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மருந்து என்று கொடுப்பதில் கலப்படம் இருந்தால் நோயாளிக்கு என்ன ஆகும் என்பதைக் கேட்கவேண்டிய பொறுப்பு, வகுப்பறையில் நிற்கும் எனக்கு இருக்கிறது.

இப்னு பிர்னாஸை எடுத்துக்கொள்வோம். அவர் ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்தவர். 887 இல் காலமானார். இறகுகளைக் கட்டிக்கொண்டு பறந்தார், இறங்கும்போது முதுகில் அடிபட்டது, பறவைக்கு வால் இருப்பதைக் கவனிக்கத் தவறினார் என்ற கதையை விரிவாக நமக்குத் தருபவர் அல்மக்கரி. அந்த அல்மக்கரி காலமானது 1632 இல். இடையில் ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் கிடக்கின்றன. சமகாலக் கவிஞரான முஃமின் இப்னு ஸயீதின் ஒரு கவிதை வரியை அவர் சான்றாகக் காட்டுவதால் ஏதோ ஒரு முயற்சி நடந்திருக்கவேண்டும் என்று ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். இவ்வளவுதான் நமது கையில் இருப்பது. இதிலிருந்து ‘விமானத்தைக் கண்டுபிடித்தவர்’ என்ற பட்டத்துக்கு எந்த ஏணி வைத்து ஏறுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கட்டுரைப் போட்டி ஒன்றில் எனது மாணவி ஒருத்தி இந்த இடைவெளியை எடுத்துக் காட்டி எழுதினாள். நடுவர் ஒருவர் சிவப்பு மையால் ‘சமூகப் பற்று போதாது’ என்று குறித்துப் புள்ளியைக் குறைத்தார். ஹதீஸுக்கு அறிவிப்பாளர் வரிசை கேட்டு, இடையில் ஒருவர் விடுபட்டாலும் நிறுத்திப் பார்க்கும் ஒரு சமூகத்தில் இது நடந்தது.

கமரா விடயம் இன்னும் மோசம். ‘கமரா’ என்ற சொல்லே அரபியின் ‘கமரா’விலிருந்து பிறந்தது என்று எழுதுகிறார்கள். அது கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்கு வந்த சொல். வளைந்த கூரையுள்ள அறையைக் குறித்தது. இப்னுல் ஹைதம் பயன்படுத்திய சொல் ‘அல்பைத் அல்முழ்லிம்’, இருண்ட வீடு. துளையினூடாக வரும் ஒளி தலைகீழாக உருவத்தைக் காட்டும் என்பது அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சீனாவில் எழுதப்பட்டுவிட்டது. படத்தைப் பிடித்து வைக்கும் வித்தை கைகூடியது 1820 களில், பிரான்சில், நியெப்ஸ் என்பவருக்கு.

அப்படியானால் இப்னுல் ஹைதம் என்னதான் செய்தார் என்று கேட்பீர்கள். அங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். அவர் உண்மையில் செய்தது கமராவை விடப் பெரியது. அதை நாம் யாருக்கும் சொல்வதில்லை. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் காலமான அந்த மனிதர் ஏழு பாகங்களில் ‘கிதாபுல் மனாழிர்’ எழுதினார். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்பது யூக்ளிட், தொலமி போன்றோர் கொண்டிருந்த கொள்கை. பொருளிலிருந்தே ஒளி கண்ணுக்கு வருகிறது என்று இவர் நிறுவினார். வெறும் வாதத்தால் அல்ல, இருட்டறையில் விளக்குகளை வைத்து, ஒவ்வொன்றாக மறைத்து, திறந்து, மீண்டும் மறைத்துப் பார்த்து. அந்நூல் இலத்தீனுக்குச் சென்று 1572 இல் பாசல் நகரில் அச்சேறியது. கெப்லர் அதைப் படித்தவர். இன்னொரு நூலுக்கு அவர் வைத்த பெயர் ‘தொலமி மீதான ஐயங்கள்’. உண்மையைத் தேடுபவன் தான் வாசிக்கும் எல்லாவற்றுக்கும் எதிரியாகத் தன்னை ஆக்கிக்கொள்ளவேண்டும், தன்னையும் சந்தேகிக்கவேண்டும் என்பது அதில் அவர் சொல்லும் கருத்து. அந்த மனிதரைத்தான் நாம் சந்தேகிக்கக் கூடாத ஒரு பட்டியலில் இரண்டாம் இலக்கத்தில் போட்டு வைத்திருக்கிறோம்!

2019 டிசம்பர் 26 ஆந் திகதி காலை சூரிய கிரகணம். பள்ளிவாசலில் கிரகணத் தொழுகை முடிந்து வந்த பிள்ளைகள் சிலரைப் பாடசாலை வளவு வேப்பமரத்தின் கீழே நிறுத்தினேன். இலைகளின் இடைவெளியால் மணலில் விழுந்த வெளிச்சப் புள்ளிகள் ஒவ்வொன்றும் சிறு சிறு பிறையாக இருந்தன. நூற்றுக்கணக்கான பிறைகள். கிரகணத்தின்போது துளையினூடாக விழும் இந்தப் பிறை வடிவத்தைப் பற்றியே இப்னுல் ஹைதம் தனியாக ஒரு நூல் எழுதியிருக்கிறார் என்று சொன்னேன். எட்டாந் தரத்துப் பையன் ஒருவன் கேட்டான்: “சேர், அவர் இதக் கண்டுபிடிச்சாரா, இல்லாட்டி நம்மளப் போலப் பார்த்தாரா?” எல்லோரும் பார்த்தார்கள், அவர் ஏன் என்று கேட்டு அளந்தார் என்றேன். துளையைப் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்று அடுத்த கேள்வி வந்தது. அதுவும் அந்நூலில் உள்ள கேள்விதான். ஒரு பட்டியலும் இந்தக் கேள்வியை ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வரவழைத்ததில்லை.

அல்ஜஸரியின் கதையும் இப்படித்தான். தியார்பக்ரில் அர்துகீ அரசர்களிடம் பணியாற்றியவர். 1206 இல் ஐம்பது பொறிகளைப் பற்றிய நூலை முடித்தார். ‘சுழற்சி வளைதண்டை முதன்முதலில் கண்டுபிடித்தவர்’ என்று அவரை நம்மவர்கள் கொண்டாடுகிறார்கள். துருக்கியில் ஹீராப்போலிஸ் என்ற பழைய நகரில் ஒரு கல்லறைப் பெட்டி இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் ஆலைக்காரருடையது. அதில் நீர்ச்சக்கரத்தால் ஓடும் கல்லறுக்கும் வாள் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த வாளை இயக்குவது வளைதண்டும் இணைப்புத் தண்டும் என்று 2007 இல் ஆய்வாளர்கள் விளக்கி எழுதினார்கள். ஆக, ‘முதலாமவர்’ என்ற ஒரே ஆணியில் நமது பெருமையைத் தொங்கவிட்டால், எங்கோ ஒரு கல்லறையில் ஒரு சிற்பம் கிடைத்த அன்றே அது கீழே விழுந்துவிடுகிறது. அல்ஜஸரி விழவில்லை, நாம் மாட்டிய சட்டகம்தான் விழுந்தது.

அவரே இந்தப் பட்டத்தைக் கேட்கவில்லை. தனது கடிகாரம் ஒன்றில் ஆர்க்கிமிடீஸின் முறையைப் பின்பற்றியதாக எழுதுகிறார். பக்தாதில் ஒன்பதாம் நூற்றாண்டில் நூறு அளவிலான பொறிகளைப் பற்றி எழுதிய பனூ மூஸா சகோதரர்கள் மூவரையும் அல்லாஹ்வின் அருள் வேண்டி நினைவுகூர்கிறார். அடுத்த மூச்சிலேயே, அவர்களுடைய நீரூற்றுகள் வடிவம் மாறும் இடைவெளி மிகக் குறைவு, அதனால் நான் அவ்வழியில் செல்லவில்லை என்று குறையும் சொல்கிறார். மரியாதையும் விமர்சனமும் ஒரே வரியில். செய்து பார்க்காத தொழிலறிவு சரிக்கும் பிழைக்கும் இடையில் ஊசலாடும் என்பது அவருடைய நம்பிக்கை.

அவருடைய யானைக் கடிகாரத்தைப் படத்தில் பலரும் பார்த்திருப்பீர்கள். யானையின் வயிற்றுக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் மிதக்கும் கிண்ணத்தின் அடியில் ஒரு சிறு துளை. அரை மணித்தியாலத்தில் கிண்ணம் நிரம்பி அமிழ்கிறது, அமிழும்போது கயிற்றை இழுக்கிறது, மேலே ஒரு குண்டு உருள்கிறது, பறவை கூவுகிறது, குண்டு பாம்பின் வாயில் விழ, பாம்பு பாரத்தால் தாழ்ந்து, அமிழ்ந்த கிண்ணத்தை மீண்டும் தூக்கி நிறுத்துகிறது, பாகன் யானையை அடிக்கிறான். இவ்வளவு ஆரவாரத்துக்கும் அடியில் கிடக்கும் அந்தத் துளைக் கிண்ணம் எது? தமிழ் படித்தவர்களுக்கு அது அந்நியமல்ல. நாழிகை வட்டில்! இந்தியாவில் நெடுங்காலம் புழங்கியது. 1660 இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த றொபர்ட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட நூலில், அரசனிடம் அடியில் துளையுள்ள செப்புப் பாத்திரம் ஒன்று இருந்ததையும், அது மண்சட்டித் தண்ணீரில் மிதந்து நிரம்பி அமிழ்வதைக் கொண்டு நேரம் கணித்ததையும், அதைக் காவல் பார்க்கவே ஓர் ஆள் இருந்ததையும் எழுதியிருக்கிறார். தியார்பக்ரின் யானைக்குள் இருந்ததும் கண்டி அரண்மனையில் இருந்ததும் ஒரே யோசனை. இதை முதலில் செய்தவரின் பெயர் எவருக்கும் தெரியாது. எந்தக் கன்னானோ, எந்தக் குயவனோ.

வெற்று மீன் டின்னில் ஆணியால் துளையிட்டு எனது மாணவர்கள் இதைச் செய்து பார்த்தார்கள். முதலில் டின் சரிந்து கவிழ்ந்தது. அடியில் கூழாங்கல் போட்டபின் நிமிர்ந்து நின்றது. ஒரு குழுவின் டின் நான்கு நிமிடத்தில் அமிழ்ந்தது, மற்றொன்று பதினொரு நிமிடம் எடுத்தது. துளையின் அளவு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை அதன்பின் நான் விளக்கவேண்டியிருக்கவில்லை.

பெண்பிள்ளைகளுக்காக என்று சொல்லி இப்போது ‘மர்யம் அல்அஸ்துர்லாபிய்யா’ என்ற பெயரும் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. அஸ்துர்லாப் கருவியைக் கண்டுபிடித்தவர் என்கிறார்கள். அக்கருவி கிரேக்கர் காலத்தது. பத்தாம் நூற்றாண்டில் இப்னு நதீம் தனது ‘பிஹ்ரிஸ்த்’ நூலில் தருவது மிகச் சுருக்கமான குறிப்பு: அல்இஜ்லி என்ற கருவி செய்பவரின் மகள், அல்இஜ்லிய்யா, ஸைபுத் தௌலாவிடம் இருந்தவர், தந்தை கற்ற அதே ஆசிரியரிடமே தொழில் கற்றவர். மர்யம் என்ற பெயர் அங்கு இல்லை. ஒரு பெண் பட்டறையில் முறையாகத் தொழில் பயின்று, பித்தளையில் பாகைகள் செதுக்கி, அரசவை வரை போனாள் என்பது போதாதா? எனது வகுப்பில் உள்ள பெண்பிள்ளைகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? இல்லாத பெயரையும் இல்லாத பட்டத்தையும் சூட்டி அவளை நாம் இரண்டாந் தடவை மறைத்திருக்கிறோம்.

மேற்குலகத்தாரும் இதே வியாதிக்காரர்கள்தான் என்று ஒரு நண்பர் வாதிட்டார். உண்மை. மின்குமிழ் என்றால் எடிசன் என்றே நமது பாடநூல்களும் பழக்கின. 1879 இன் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜோசப் சுவான் தனது குமிழை எரித்துக் காட்டினார். எடிசனுடையது அவ்வாண்டு ஒக்டோபரில். பின்னர் 1883 இல் இருவரும் கூட்டுக் கம்பனி அமைத்துக்கொண்டார்கள். எடிசனின் கூடத்தில் இராப்பகலாக உழைத்த பச்சிலர், அப்டன் போன்றோரின் பெயர் யாருக்கு ஞாபகம்? ஒரு பொருள், ஒரு ஆள், ஒரு ஆண்டு என்ற இந்த அளவுகோல் காப்புரிமை வியாபாரத்தோடு வளர்ந்தது. நமது பட்டியல்காரர்கள் ஐரோப்பாவைத் திட்டிக்கொண்டே ஐரோப்பாவின் அளவுகோலை இரவல் வாங்கித் தம் முன்னோரை அளக்கிறார்கள். அல்குவாரிஸ்மி இந்திய எண்முறையை விளக்கி நூல் எழுதினார். அரபிகள் அந்த இலக்கங்களை ‘இந்திய இலக்கங்கள்’ என்றே அழைத்தார்கள். ஐரோப்பியர் ‘அரபு இலக்கங்கள்’ என்றார்கள். அன்று கடனை ஒப்புக்கொள்வது நம்மவர்க்கு வெட்கமாக இருக்கவில்லை.

இந்தப் பட்டியல்களில் எனக்குள்ள பெரிய கோபம் அவை எங்கே நிறுத்தப்படுகின்றன என்பதில் இருக்கிறது. 1577 இல் தகிய்யுத்தீனுக்காக இஸ்தான்புல்லில் வானாய்வுக்கூடம் கட்டினார்கள். 1580 இல் சுல்தானின் கட்டளைப்படி அதே கூடத்தை இடித்தார்கள். அவரது நீராவிச் சுழலியைப் புகழும் எந்தக் கட்டுரையும் இந்த 1580 ஐ எழுதுவதில்லை. அதே நகரில் யூதர்கள் 1493 இல் எபிரேய நூலை அச்சிட்டார்கள். அரபு எழுத்தில் துருக்கிய நூல்களை அச்சிட இப்ராஹீம் முத்தபரிக்காவுக்கு அனுமதி கிடைத்தது 1727 இல். முதல் நூல் வெளிவந்தது 1729 இல். இந்த இருநூற்றுச் சொச்ச ஆண்டுத் தாமதத்துக்குப் பிரதியெழுதுவோரின் பிழைப்பு, எழுத்தின் அழகு, சந்தையின்மை என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. திருட்டுப் போனது என்ற ஒரு சொல்லால் இதை மூடிவிட முடியாது. 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை, ஆங்கிலக் கல்வியை ஏற்கும்படி நமது சமூகத்தோடு வாதாடிக் களைத்ததை இங்கு நினைத்துக்கொள்கிறேன். பழம்பெருமையை மட்டும் எழுதியிருந்தால் அவருக்கு எதிரிகளே இருந்திருக்கமாட்டார்கள்.

சஞ்சிகை ஆசிரியர்களிடம் எனது கோரிக்கை இதுதான்: இனி இவ்வகைக் கட்டுரை வந்தால், ஒவ்வொரு பெயரின் அருகிலும் அச்செய்தியைச் சொல்லும் மிகப் பழைய நூல் எது, அது எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். இடம் மிஞ்சினால் ஒரு நல்ல கவிதையைப் போடலாம்.

நமது பிரதேச மீலாத் போட்டிக் குழு இம்முறையும் ‘உலகுக்கு முஸ்லிம்கள் தந்த கண்டுபிடிப்புகள்’ என்றே கட்டுரைத் தலைப்பை அறிவித்து, என்னை நடுவராக அழைத்திருக்கிறது. ‘நாழிகை வட்டில்: கண்டியிலும் தியார்பக்ரிலும்’ என்று மாற்றினால் வருகிறேன் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. மீன் டின்கள் பதினேழு, விஞ்ஞான அறை அலுமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன.