ஜன்னலை அடைத்த சோபா! வாசலைப் பார்த்துச் சிரிக்கும் புத்தர்!!

மதுரையில் பேன்சி கடைக்குள் நுழைந்தால் போதும். தொந்தியும் தொப்பையுமாக ஒருவர் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் வாயில் காசைக் கவ்விய 3 கால் தவளை. கிணுகிணுக்கும் மணிக்கொத்து. எட்டுக்கோணக் கண்ணாடி. "ஹால்ல வாசலைப் பாத்து வைங்கண்ணே, பணம் தானா வரும்" என்கிறார் கடைக்காரர்.

பணம் வருகிறது. அவர் கல்லாவுக்கு!

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அது அவர் பிழைப்பு. வாங்கிப் போகிறவர்களைப் பாருங்கள். 10-க்கு 12 அடி ஹாலில் 5 பேர் படுத்து எழுந்திருக்கும் குமாஸ்தா. மாதக் கடைசியைத் தள்ள முடியாத சின்னக் கடைக்காரர். மகளுக்கு வரன் தட்டிப்போகிறதே என்று மனசு உடைந்த தகப்பனார். பணக்காரர் வாங்கினால் அது அலங்காரம். இவர்கள் வாங்கினால் அது கடைசி நம்பிக்கை. அந்த நம்பிக்கையை விலை பேசுவதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

காற்றும் தண்ணீரும்

'பெங்சூயி' என்ற சீன வார்த்தைக்குக் காற்று, தண்ணீர் என்றுதான் அர்த்தம். ஆரம்பத்தில் இது ஹாலில் சோபா போடும் சாஸ்திரமே அல்ல. இறந்தவரை எங்கே புதைத்தால் வம்சம் தழைக்கும் என்று இடம் பார்த்த சாஸ்திரம். சுமார் 1,700 வருஷத்துக்கு முன் வாழ்ந்த குவோ பூ என்பவர் பெயரில் வழங்கும் பழைய நூல் பிண அடக்கத்தைப் பற்றியதுதான்!

பிறகு வீட்டுக்கும் வந்தது. வடக்கே மலை, தெற்கே தண்ணீர் இருந்தால் நல்ல மனை என்றார்கள். காரணம் உண்டு. சீனாவில் குளிர்காலத்தில் வடக்கில் இருந்து எலும்பைத் துளைக்கும் காற்று வீசும். மலை அதை மறைக்கும். தெற்கு வெயில் கதகதப்புத் தரும். சரி, சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் மதுரைக்கு எதற்கையா கதகதப்பு?

பிச்சை எடுத்த சாமியார்

அந்தச் சிரிப்புக்காரர் கவுதம புத்தரும் அல்ல. பூடாய் என்ற 10-ம் நூற்றாண்டுச் சீனத் துறவி. துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் பிச்சை எடுத்தவர் என்பது கதை. காலணா சேர்க்காத மனிதரைப் பிடித்து, "எங்க வீட்டுக்குப் பணம் கொண்டா" என்கிறோம்!

'லக்கி பாம்பூ' மூங்கிலே அல்ல. அது ஆப்பிரிக்கச் செடி. அந்தச் செடியும் மணி பிளாண்டும் நிற்கிற பாட்டிலில் தண்ணீர் மாற்றாமல் விட்டால் வீட்டுக்கு வருவது லட்சுமி அல்ல, டெங்கு கொசு. நல்ல தண்ணீரில் முட்டையிடும் கொசு அது. வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, பாட்டிலைத் தேய்த்துக் கழுவுங்கள்.

ஜோசியருக்கு 12 வருஷம் ஜெயில்

ஹாங்காங்கில் நடந்ததைக் கேளுங்கள். நீனா வாங் என்ற பெரும் கோடீசுவரி 2007-ல் இறந்தார். டோனி சான் என்ற பெங்சூயி ஜோசியர், "சொத்து முழுக்க எனக்கு" என்று ஓர் உயிலை நீட்டினார். அது போலி என்று 2010-ல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2013-ல் அவருக்கு 12 வருஷம் ஜெயில்!

கோடீசுவரியின் சொத்துக்காக வழக்காட அவர் ஏற்படுத்திய அறக்கட்டளை இருந்தது. நம் குமாஸ்தாவுக்கு யார் இருக்கிறார்கள்? "மாடிப்படியை இடி, வாசலை மாத்து" என்று சொல்லிப் பணம் வாங்கிப் போனவரிடம் ரசீதும் இல்லை, சாட்சியும் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் என்னவென்று எழுதிக் கொடுப்பது?

மணி ஆட வேண்டாமா?

நம்மிடமும் மனையடி சாஸ்திரம் உண்டு. அதிலும் சிலவற்றுக்குக் காரணம் தெரிகிறது. தெருக்குத்து உள்ள வீட்டு முன்னால் பிள்ளையாரை வைத்தார்கள். நேரே ஓடி வரும் வண்டி வீட்டில் மோதும் என்ற பயம் யாருக்கும் இருக்கும். தென்மேற்கு மூலையில் கனமான சாமானைப் போடச் சொன்னார்கள். சாயங்கால வெயில் காயும் மூலை அது. நடுவில் முற்றம் விட்டார்கள். காற்றும் வந்தது, வெளிச்சமும் வந்தது.

நாம் முற்றத்தை மூடித் தளம் போட்டோம். திண்ணையை இடித்துக் கடை கட்டி வாடகைக்கு விட்டோம். இருந்த ஒரே ஜன்னலையும் சோபாவைப் போட்டு அடைத்தோம். இப்போது மணிக்கொத்து வாங்கி மாட்டுகிறோம். அது ஆடக் காற்று எங்கே?

ஹாலே மீன் தொட்டி!

அடுத்தது தண்ணீர். ஹாலில் மீன் தொட்டி வைத்தால் செல்வம் பெருகுமாம். 2024 அக்டோபர் 25-ந் தேதி கொட்டிய மழையில் செல்லூர் பக்கம் ஹாலே மீன் தொட்டி ஆனது! எந்த வீட்டுச் சோபா எந்தத் திசையில் இருந்தது என்று தண்ணீர் பார்க்கவில்லை.

செல்லூர் கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வைகைக்குப் போகிற வழி பந்தல்குடி வாய்க்கால். 2025 மே 31-ந் தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் வரும் பாதையில், அந்த வாய்க்கால் கண்ணில் படாதபடி துணி கட்டி மறைத்தார்கள். விஷயம் வெளியே வந்து சந்தி சிரித்ததும், அவரே நேரில் போய்ப் பார்த்தார். வீட்டுத் தோஷத்துக்குக் கண்ணாடி மாட்டுகிறோம். ஊர்த் தோஷத்துக்குத் திரை கட்டுகிறார்கள்.

உலகனேரி கண்மாயில்தான் 2004-ல் ஐகோர்ட்டு கிளையே வந்தது. கண்மாயில் எல்லாம் கட்டடம் எழும்பினால் தண்ணீர் எங்கே போகும்? நம் ஹாலுக்குத்தான் வரும்.

செலவில்லாத யோசனை

சிரித்த முகம் வீட்டில் இருந்தால் நல்லதுதான். ஆசைப்பட்டால் பொம்மை வாங்குங்கள். கடன் வாங்கி வாங்காதீர்கள். அதை நம்பிச் சுவரை இடிக்காதீர்கள். ஓடாத கடிகாரம், உடைந்த நாற்காலி, பழைய பேப்பர் கட்டு எல்லாவற்றையும் முதலில் வெளியேற்றுங்கள். பெங்சூயிக்காரரும் இதைத்தான் சொல்கிறார். இதில் அவர் சொல்வது சரி. சோபாவை ஜன்னலை விட்டு 2 அடி தள்ளிப் போடுங்கள். எதிர்ப்பக்க ஜன்னலையும் திறந்து வையுங்கள். ஹாலுக்குக் காற்று வரும்.

அப்புறம் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வார்டு கவுன்சிலரிடம் போங்கள். "எங்க வாய்க்காலை எப்ப தூர்வாருவீங்க?" என்று தேதி கேட்டு, மனு எழுதிக் கொடுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் மாநகராட்சி அந்த வேலையை முடிக்குமா? இல்லை, மறுபடியும் துணி வாங்குமா?