விருது பாட்டுக்கா, கொள்கைக்கா?

2024 மார்ச்சில் சென்னை மியூசிக் அகாடமி, டி.எம். கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதி என்று அறிவித்ததும் கிளம்பிய கூச்சல் உங்களுக்கு நினைவிருக்கும். ரஞ்சனி-காயத்ரி சகோதரிகள் அந்த வருஷத்து மாநாட்டிலிருந்தும் கச்சேரியிலிருந்தும் விலகினார்கள். வேறு சிலரும் அதே வழியில் போனார்கள். தியாகராஜரையும் எம்.எஸ். அம்மாவையும் அவமதித்தார், பெரியாரைப் போற்றுகிறார் என்பவை முக்கியக் குற்றச்சாட்டுகள்.

பெரியாரை ஏற்காதிருக்க யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் பரிசு எதற்கு? பாட்டுக்கு. சுருதி விலகியதா, தாளம் தப்பியதா? அதைச் சொல்லுங்கள், கேட்கிறோம்.

நம் ஆரணியில் சேலை எடுக்க வருகிறவர் பாவு, ஊடை, சரிகை எல்லாம் பார்க்கிறார். நெய்தவர் எந்தக் கட்சி, எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று கேட்டா விலை பேசுகிறார்?

பிரெஞ்சில் படித்த எங்களுக்குச் சார்த்தர் நினைவுக்கு வருவார். 1964-இல் இலக்கிய நோபல் பரிசைத் தமக்கு வேண்டாம் என்றார். கிருஷ்ணாவும் 2015-இல் டிசம்பர் சபாக்களில் பாடுவதில்லை என்று தாமே ஒதுங்கினார். தனக்கு வருவதை மறுப்பது கொள்கை. 'சகோதரிகளும் தங்கள் கச்சேரியைத்தானே விட்டார்கள்' என்பீர்கள். விட்டது தங்கள் கச்சேரியை, சரி. கண்டித்தது அடுத்தவர் விருதை அல்லவா?

எம்.எஸ். பெயரில் தரும் பரிசைப் பற்றி அவர் பேரன் தொடுத்த வழக்கு வேறு விஷயம். அதில் அந்த அம்மாவின் உயில் இருக்கிறது. சங்கீத கலாநிதி பட்டமோ 2025 ஜனவரி 1 அன்று கிருஷ்ணாவுக்கே வழங்கப்பட்டது. அகாடமி பணியவில்லை. அதுதான் முறை.