அரிப்பு அரிப்பாகவே இருக்கட்டும்

கணினிக் கோப்புறைகளுக்குத் தமிழில் பெயர் வைக்காதே என்று எனக்கு அறிவுரை சொல்லாத கணினி நண்பர் இல்லை. கட்டளைத் திரையில் நீண்ட தமிழ்ப் பெயர்களைத் தட்டெழுதிக் கோப்புறைக்குக் கோப்புறை போவது நேரவிரயமாம். ஆங்கிலத்தில் நான்கெழுத்தாகச் சுருக்கிவிட வேண்டுமாம். இதனை நான் அடியோடு மறுக்கிறேன்.

மன்னார்க் கரையோரத்து அரிப்பையே எடுத்துக்கொள்வோம். கண்டி அரசில் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1679இல் தப்பிவந்து சேர்ந்த ஒல்லாந்தர் கோட்டை அங்கேதான் இருந்தது. முத்துக்குளிப்பை மேற்பார்வையிட ஆங்கிலேயத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் கட்டிய மாளிகையின் சிதைவுகளைக் கடல் அரித்துக்கொண்டிருப்பதும் அங்கேதான். ஆங்கிலேயரின் ஏடுகளில் ஊர் 'அரிப்போ' ஆயிற்று. மாளிகை 'டோரிக்' ஆயிற்று. ஊரவர் வாயில் அது அல்லிராணிக் கோட்டை. ஊர் வழக்கை மட்டும் அறிந்தவர் அந்த ஏடுகளின் அட்டவணையில் தடுமாறத்தான் வேண்டும். வெள்ளைக்காரன் அன்று செய்ததை இன்று நாமே நமது வன்தட்டுக்குள் செய்வதா?

விரைவுக்கு வேறு வழி இருக்கிறது. நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். (ஈழத்தவர் காதில் இச்சொல் எப்படி விழும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.) லினக்ஸில் பரவலாக உள்ள பாஷ் ஷெல்லில், சில கட்டளைகளைச் சேர்த்து நாமே ஒரு பெயர் சூட்டலாம். இதுவே செயற்கூறு. அந்தப் பெயர் தமிழில் இருந்தாலும் பாஷ் முகம் சுளிக்காது. மாறிகளுக்குத்தான் ஆங்கில எழுத்தைக் கேட்கும்.

இதைத் தனி நிரற்கோப்பாக எழுதி இயக்கினால் பயனில்லை. அது வேறொரு செயலாக ஓடி, தான் மட்டும் இடம் மாறி, முடிந்துவிடும்; நாம் நின்ற இடத்திலேயே நிற்போம். யுனிக்ஸின் தொடக்க நாள்களில் அதனை உருவாக்கியவர்களே இதில் அகப்பட்டுத் திகைத்ததை டெனிஸ் ரிட்சி எழுதியிருக்கிறார். செயற்கூறோ ஷெல்லுக்குள்ளேயே இயங்குவதால் நம்மையும் அழைத்துச் செல்லும்.

எனது கணினியில் 'அரிப்பு' ஒரு செயற்கூறு. அதனுள் இருப்பது ஒரே வரி: இடம் மாற்றும் 'சிடி' கட்டளையும், அரிப்புக் கோப்புறையின் முழுப் பாதையும். 'அல்லி' இன்னொன்று. அல்லிராணிக் கோட்டை என்ற பெயரில் இடைவெளி இருப்பதால், பாதையை இரட்டை மேற்கோளுக்குள் அடைத்திருக்கிறேன்.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு என்பதை மறைக்கவில்லை. 'கோ' என்ற எழுத்தை யுனிகோடில் இரு விதமாகச் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றே, லினக்ஸுக்கு இரண்டு. அதற்கும் செயற்கூறே மருந்து. பாதையை ஒருமுறை நகலெடுத்து ஒட்டிவிட்டால் பிறகு 'கோ'வைத் தட்டும் வேலையே இல்லை.

ஷெல் தொடங்கும்போது படிக்கும் கோப்பில் இவற்றை எழுதிவைத்தால் எப்போதும் கைவசம் இருக்கும். 'அரி' என்று தட்டி டாப் விசையை அழுத்துகிறேன். மீதியை ஷெல்லே நிரப்புகிறது. நண்பர்கள் கேட்ட நான்கெழுத்தைவிட இது குறைவு.